அப்பா வைத்திருந்த லத்தீன் சீட்டு

எங்கள் அப்பா சர்வேசுரனிடம் போய்ச் சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரைப் பல பெயர்களில் அறிவீர்கள். திண்டுக்கல் கடைவீதியில் அவர் வெறும் டைலர். கோயிலில் லத்தீன் டைலர். ரெட்டியார்சத்திரம் பக்கத்துத் தோட்டங்களில் மாட்டு டைலர். மாட்டுக்கும் டைலருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதவர்கள் அந்தத் தோட்டத்துக்காரர்கள் மட்டுந்தான்.

மலருக்குக் கட்டுரை எழுதச் சொன்ன அண்ணன், "மரியாதையா எழுது. அந்தச் சீட்டு சமாசாரம் மட்டும் வேணாம்" என்றார். அம்மாவிடம் கேட்டேன். "அது இல்லாம உங்கப்பாவப் பத்தி எழுத என்ன இருக்கு? சட்டை தச்சாருன்னு எழுதப் போறியா?" என்றார் அம்மா. அம்மா சொன்னபடியே எழுதுகிறேன். அண்ணன் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா பிறந்தது வேடசந்தூருக்கு அப்பால் ஒரு வானம் பார்த்த ஊரில். அவருடைய பெற்றோர் கம்பும் சோளமும் விதைத்துப் பிழைத்தவர்கள். மழைக்கு முதலில் அந்தோணியாரிடம் வேண்டிக்கொள்வார்களாம். அவர் தாமதித்தால் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து மாரியம்மன் கோயில் கூழுக்கும் போய் நிற்பார்களாம். மழை பெய்துவிட்டால் யாரால் பெய்தது என்று இரண்டு வீட்டாரும் கேட்டுக்கொள்வதில்லை. அப்பாவுக்கு ஐந்து வயதில் பெரியம்மை கண்டது. உயிர் பிழைத்தது, முகம் முழுக்கத் தழும்பு நின்றது. அடுத்தடுத்துப் பெற்றோரை இழந்த அவரை, அப்போது அந்தப் பக்கம் பூசை வைக்க வந்துகொண்டிருந்த வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் திண்டுக்கல்லுக்கு அழைத்து வந்து, ஒரு தையல் கடையில் சேர்த்துவிட்டார். அந்தச் சாமியார் பிரெஞ்சு தேசத்தவர். நீண்ட தாடியும் கிழிந்த அங்கியும் வைத்திருந்தவர். அப்பாவுக்கு அவரே தாயும் தந்தையும்.

அந்தக் காலத்தில் பூசை முழுக்க லத்தீனில்தான். சாமியார் சனங்களுக்கு முதுகைக் காட்டி, பீடத்தைப் பார்த்தபடி சொல்லுவார். மறுமொழி சொல்ல ஒருவர் வேண்டும். அப்பா காதால் கேட்டே அத்தனையையும் மனப்பாடம் செய்துவிட்டார். "எத்து கும் ஸ்பிரித்தூ தூவோ" என்று அவர் அடிவயிற்றிலிருந்து எடுத்தால் கோயில் மாடத்துப் புறா பறக்கும். அதற்கு என்ன பொருள் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பியதும் இல்லை. ஒருமுறை நானே கேட்டேன்.

"அர்த்தம் தெரிஞ்சா அது செபமா? அது வெறும் பேச்சு" என்றார்.

அப்பாவின் விசுவாசம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடக்கம். அம்மாவின் வழி வேறு. அம்மா அந்தோணியாரிடம் தெளிவான தமிழில், நாள் குறித்து, இன்னது வேண்டும் என்று கேட்பார். குறித்த நாளில் நடக்காவிட்டால் சொரூபத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுவார். எனக்கு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைக்கும்வரை அந்தோணியார் பதினோரு நாள் சுவரைப் பார்த்து நின்றார். அப்பாவுக்கு இது பெரிய துரோகமாகப் படும். அம்மா தூங்கிய பிறகு சொரூபத்தைத் திருப்பி வைப்பார். விடிந்ததும் அது மறுபடி சுவரைப் பார்க்கும்.

தொழிலில் அப்பா ஒரு விரற்கடைத் துணியைக்கூடத் தனக்கென்று எடுத்துக்கொண்டதில்லை. வெட்டியதில் மிஞ்சியதையெல்லாம் சுருட்டிச் சட்டையோடு கட்டிக் கொடுத்துவிடுவார். "இத வச்சு நான் என்ன செய்ய?" என்று வாங்குகிறவர்கள் திணறுவார்கள். "அது உங்க துணி. அதுக்கு மேல உங்க பாடு" என்பார். பிறர் பொருளும் பொய்யும் அவருக்கு ஒன்று. இரண்டும் கையில் ஒட்டக்கூடாது. அப்படிப்பட்டவருக்குத்தான் பின்னால் வந்த சோதனை வந்தது.

வெள்ளைக்காரச் சாமியார் காலமானபோது, அவருடைய அங்கியைப் பிரித்து உயரம் குறைவான வேறொரு சாமியாருக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை அப்பாவிடம் வந்தது. உள்பையைப் பிரிக்கும்போது நாலாய் மடித்த ஒரு சீட்டு கிடைத்தது. சாமியாரின் கையெழுத்து. ஏழெட்டு வரி. அப்பா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் நெஞ்சோடு வைத்திருந்தது என்றால் அது எப்பேர்ப்பட்ட செபமாக இருக்கும்! புதிய சாமியாரிடம் காட்டினால் வாங்கி வைத்துக்கொள்வாரோ என்ற பயத்தில் அவரிடம் காட்டவில்லை. இங்கிலீஷ் படித்த ஒரு வாத்தியாரிடம் கொண்டுபோனார். வாத்தியாருக்குத் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை.

"லத்தீன்தான். அதுலயும் இது ஒசந்த லத்தீன்" என்று சொல்லி, இங்கிலீஷ் எழுத்தைப் படிக்கிற மாதிரி எழுத்துக் கூட்டிப் படித்து, தமிழில் எழுதியும் கொடுத்துவிட்டார். கடைசியில் ஓர் ஆமென் அவருடைய சொந்தச் சேர்க்கை.

"பெயூரே புரோமாகே, சாவோனே பூகியே..." என்று போகும் அது. சொல்லச் சொல்ல நாக்கில் உருளும். அப்பா மூன்றே நாளில் மனப்பாடம் செய்தார். மூலச் சீட்டை அந்தோணியார் படச் சட்டத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். வீட்டில் அதற்குப் பெரிய செபம் என்று பெயர்.

ரெட்டியார்சத்திரத்துக்கு அடுத்த ஒரு கிராமத்தில் கத்தரியும் வெங்காயமும் போட்டுவந்த வேலுச்சாமி மாமா எங்களுக்கு எந்த வகையிலும் உறவில்லை. அப்பாவிடம் துணி தைக்க வந்து சிநேகிதமானவர். ஒருநாள் அவர் கடையில் உட்கார்ந்திருக்கும்போது மெஷின் ஊசி அப்பாவின் ஆள்காட்டி விரலில் இறங்கி மறுபக்கம் வந்துவிட்டது. அப்பா கத்தவில்லை. கண்ணை மூடிப் பெரிய செபத்தை முழுக்கச் சொன்னார். பிறகு சக்கரத்தைத் திருப்பி ஊசியை எடுத்தார். வேலுச்சாமி மாமாவுக்குத்தான் மயக்கம் வந்தது. தண்ணீர் குடித்துத் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"டைலரே, அது என்ன மந்திரம்?"

"மந்திரம் இல்ல. எங்க வேதத்துல மந்திரமெல்லாம் கெடையாது. செபம்."

"சரி, செபமாவே இருக்கட்டும். என்னா வேகம்!"

அடுத்த மாதம் மாமாவின் பசு கன்று போட்டு மூன்று நாளாய் எழுந்திருக்கவில்லை. தீவனம் எடுக்கவில்லை. மடி வற்றிவிட்டது. மாமா சைக்கிளை மிதித்துக்கொண்டு, எங்கள் வீட்டு முன்கட்டிலேயே இருந்த கடைக்கு வந்துவிட்டார்.

"அந்த ஊசி மந்திரத்த மாட்டுக்கு வந்து சொல்லணும்."

"வேலு, அது மனுசருக்கு உள்ளது. மாட்டுக்கு ஆத்துமா கெடையாது."

"எம்மாட்டப் பாக்காமயே சொல்றீகளே. வந்து அது கண்ணப் பாத்துட்டுச் சொல்லுங்க."

அம்மா உள்ளேயிருந்து, "போயிட்டுத்தான் வாங்களேன். கோயில்ல தூங்குறவுகளுக்கெல்லாம் சொல்றீக, முழிச்சிருக்கிற மாட்டுக்குச் சொன்னா என்ன?" என்றார்.

அப்பா போனார். மாட்டின் நெற்றியில் கைவைத்துப் பெரிய செபத்தை மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை ஆமென் சொல்லும்போது பசு எழுந்து நின்று, அவர் தோளில் கிடந்த துண்டைத் தின்ன ஆரம்பித்ததாம். முந்தின நாள் மாட்டு டாக்டர் வந்து ஒரு போத்தல் மருந்து புகட்டிவிட்டுப் போயிருந்தார் என்பதும் உண்மை. அந்த டாக்டரின் பெயர் இன்று அந்தத் தோட்டத்தில் யாருக்கும் நினைவில்லை.

அதிலிருந்து அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு போயிற்று. பூசை முடிந்து கோயில் வாசலுக்கு வந்தால் யாராவது சைக்கிளோடு நிற்பார்கள். மாடு, கன்று, காய்ச்சல் கண்ட பிள்ளை, பிரசவ வலி. ஒரு கிணற்றுக்குக்கூட வந்து கூப்பிட்டார்கள், ஊற்று வரவில்லை என்று. "கெணத்துக்கெல்லாம் சொல்ல முடியாது, அதுக்கு ஆத்துமா இல்ல" என்று அப்பா மறுத்தார். "மாட்டுக்கு மட்டும் எப்ப வந்துச்சு?" என்று அம்மா கேட்டார். அப்பா இரண்டு நாள் யோசித்தார். ஆனாலும் கிணற்றுக்குப் போகவில்லை.

எத்தனையோ பேருக்குக் குணமாயிற்று. குணமாகாதவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி அப்பா பேசமாட்டார்.

நான்கைந்து ஆண்டுகளுக்கு முன்பு பூசை தமிழுக்கு மாறியது உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். எங்கள் கோயிலுக்கு இளஞ்சாமியார் ஒருவர் வந்தார். பீடத்தைத் திருப்பிப் போட்டு, சனங்களைப் பார்த்து நின்று, தமிழில் பூசை வைத்தார். அன்று அப்பா வீட்டுக்கு வந்து காப்பியைத் தொடவில்லை.

"இம்புட்டு நாளும் சாமியார் நமக்கு முன்னால நின்னு ஆண்டவரப் பாத்துப் பேசுனாரு. இப்ப அவரும் நம்மளப் பாத்து நின்னா, ஆண்டவர யாரு பாக்குறது?"

"இப்பத்தான் சாமியாருக்கு யார் யார் தூங்குறாகன்னு தெரியும்" என்றார் அம்மா.

அப்பா வேலைநிறுத்தம் செய்யவில்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்தார். சாமியார் தமிழில், "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று சொன்னதும், சனங்கள் புத்தகத்தைப் புரட்டித் தேடிக்கொண்டிருக்கும்போதே, அப்பா மட்டும் தன் முழுக் குரலில் லத்தீனில் பதில் சொன்னார். அடுத்த ஞாயிறு அவரோடு பின்வரிசைக் கிழவர்கள் நாலு பேர் சேர்ந்தார்கள். மூன்றாவது ஞாயிறு கோயில் இரண்டு கட்சியாகிவிட்டது. இடது பக்கம் தமிழ், வலது பக்கம் லத்தீன். யார் முதலில் முடிக்கிறார்கள் என்று போட்டி. சத்தம் கேட்டு, கோயில் வாசலில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை காலை இளஞ்சாமியார் எங்கள் கடைக்கே வந்துவிட்டார். விடுமுறைக்கு வந்திருந்த நான் கடையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா எழுந்து நின்று, துணி மடிக்கும் பலகையைத் துடைத்து உட்கார வைத்தார்.

"டைலரய்யா, ஆண்டவருக்குத் தமிழ் தெரியாதுன்னு நெனைக்கிறீங்களா?" என்று சாமியார் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"தெரியும் சாமி. ஆனா நாம தமிழ்ல என்னென்ன பேசுறோம்? கடைவீதியில பேரம் பேசுறோம். பொண்டாட்டிய வையிறோம். அதே வாயால, அதே பேச்ச அவருகிட்டயும் பேசுறதா?"

"வையிறத வேணா லத்தீனுக்கு மாத்திக்கங்களேன்" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

சாமியார் இருமலில் சிரிப்பை மறைத்தார். அப்பா அம்மாவைக் கேளாதவர் போல மேலே பேசினார். "சாமி, நீங்க படிச்சவுக. ஆனா ஒண்ணு சொல்றேன். லத்தீன்ல சக்தி இருக்கு. தமிழ்ல சொன்னா மாடு எந்திரிக்குமா?"

"என்ன மாடு?" என்றார் சாமியார்.

அப்பா மாட்டைப் பற்றிச் சொன்னார். ஊசியைப் பற்றிச் சொன்னார். பத்து வருடக் கதையையும் சொன்னார். பிறகு, அந்த வாத்தியாரைத் தவிர வேறு யாருக்கும் காட்டாத சீட்டை அந்தோணியார் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். சாமியார் மரியாதையோடு வாங்கிப் பிரித்தார். முதல் வரியைப் படித்தார். முகம் ஒரு மாதிரி ஆயிற்று. கடைசி வரை படித்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு இன்னொரு முறை படித்தார்.

"இது லத்தீன் இல்லீங்க, டைலரய்யா. பிரெஞ்சு."

"அவருக சொந்தப் பாசையிலயே எழுதுன செபமா?" அப்பாவின் குரலில் பக்தி இன்னும் கூடியது.

"ஆமா... ஒரு வகையில... தேவைகளக் கேக்குறது."

"என்னென்ன தேவை சாமி?"

அந்த இளஞ்சாமியார் நல்லவர். எப்படியாவது மடித்துக் கொடுத்துவிட்டு எழுந்து போகப் பார்த்தார். அப்பா விடவில்லை. "பத்து வருசமா சொல்றேன். தெரிஞ்சுக்கிறேன், சொல்லுங்க" என்றார். அர்த்தம் தெரிந்தால் அது செபமில்லை என்று சொன்ன மனிதர் அன்றைக்கு ஏன் அர்த்தம் கேட்டார் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

சாமியார் தலையைக் குனிந்துகொண்டு படித்தார். "வெண்ணெய். பாலாடைக்கட்டி. சவுக்காரம். மெழுகுவத்தி. கம்பளிக் காலுறை ரெண்டு ஜோடி. கறுப்பு நூல். அங்கிக்கு ஆறு பொத்தான்."

கொடைக்கானலுக்கு யாரோ போகும்போது வாங்கி வரச் சொல்வதற்காக எழுதி வைத்த சாமான் சீட்டு அது. கொடுக்க மறந்துபோய்ப் பையிலேயே கிடந்திருக்கிறது.

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினார். கொஞ்ச நேரம் வரவில்லை. அப்பா சீட்டை வாங்கி மடித்தார். "நன்றி சாமி" என்றார். மெஷினில் உட்கார்ந்தார். ஆனால் மிதிக்கவில்லை.

மூன்று நாள் அந்த மெஷின் ஓடவில்லை. கடைசி வரியில் 'பொத்தோன்' என்று வருகிறதே, பொத்தான் தைத்தே பிழைத்தவருக்குப் பத்து வருடமாக அது காதில் விழவில்லையா என்று அண்ணன் கேட்டார். நாலாம் நாள் காலை அப்பா ஒரு டப்பாவைத் திறந்து, ஆறு கறுப்புப் பொத்தானைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் உடன் போனேன். கல்லறைத் தோட்டத்தில் வெள்ளைக்காரச் சாமியாரின் குழியருகே மண்ணைக் கிளறி, ஆறையும் புதைத்தார்.

"கேட்டத இம்புட்டு நாளா குடுக்காம இருந்துட்டேன் சாமி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

அதோடு முடிந்திருந்தால் இது வெறும் வேடிக்கைக் கதை. அப்பாவுக்கு முடியவில்லை. வெட்டுத்துணியைத் திருப்பிக் கொடுத்தவர் அல்லவா? தான் செபம் சொன்ன வீட்டுக்கெல்லாம் போய், அது செபமில்லை, சாமான் சீட்டு என்று சொல்லிவிட்டு வரவேண்டும் என்று முடிவு செய்தார். "ஏமாத்திப்புட்டேன். தெரியாம செஞ்சாலும் ஏமாத்துதான்" என்றார். அம்மா எவ்வளவோ தடுத்துப் பார்த்தார். முடியவில்லை.

முதலில் வேலுச்சாமி மாமா. அவர் மகள் கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கைகளைக் கொடுக்க நானும் பஸ்ஸில் போயிருந்தேன். மாமா வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார். அப்பா நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி, "என்னை மன்னிச்சுக்க வேலு" என்றார்.

மாமா வெங்காயத்தைக் கீழே வைத்தார். "மொதல்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு சொன்னீக?"

"வெண்ணெய்."

"அடுத்து?"

"பாலாடைக்கட்டி."

"அது எதுல செய்யிறது?"

"பாலுலதான்."

"அப்புறம் என்ன டைலரே! பாலு வத்துன மாட்டுக்கிட்டப் போயி வெண்ணெய் கொண்டா, பாலாடை கொண்டான்னு மூணு தடவ கேட்டிருக்கீக. அது வெக்கப்பட்டு எந்திரிச்சிருச்சு. சரியான மந்திரத்தத்தான் சொல்லியிருக்கீக!"

அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மாமா விடவில்லை. "அந்தக் காலுறையும் சவுக்காரமும் மாட்டுக்கு ஆகாது. அத மட்டும் இனிமே விட்டுருங்க" என்று யோசனையும் சொன்னார்.

அடுத்தது நெய்க்காரப்பட்டி. அங்கே ஒரு பையனுக்கு விஷக் காய்ச்சல் வந்தபோது அப்பா போய்ச் சொல்லியிருந்தார். பையன் இப்போது பெரியவனாகிவிட்டான். அவன் தாயாரிடம் அப்பா விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம்.

"ஏனுங்க, மளிகைச் சாமான் லிஸ்டுங்களா? அதானுங்க எம்பையன் வயக்காட்டு வேலைக்கே போகமாட்டேன்னு மளிகைக் கடை வெச்சு உக்காந்துட்டான்! நானும் யாரு ஓதுனதுன்னு இத்தன நாளா நெனச்சுட்டிருந்தனுங்க."

இப்படியே ஊர் ஊராக நடந்தது. உண்மையைச் சொல்லப் போன இடமெல்லாம் அப்பாவின் பெருமை கூடிக்கொண்டே போயிற்று. ஒரு வீட்டில், சவுக்காரம் என்று வந்ததால்தான் தன் மேல் சொறி போயிற்று என்று ஒருவர் சட்டையைக் கழற்றிக் காட்டினாராம். ஒருவர்கூட அப்பாவைத் திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாத தண்டனையாக இருந்தது. "யாராவது ஒருத்தர் ரெண்டு வார்த்த வஞ்சா நிம்மதியா இருக்கும்" என்றார்.

வைவார்கள் என்று அவர் நினைத்த வீட்டைக் கடைசியாக வைத்திருந்தார். வேடசந்தூர் பக்கத்தில் ராக்கம்மா என்று ஒருவர். அவருடைய மூன்று வயது மகளுக்கு அம்மை கண்டபோது அப்பாவைக் கூப்பிட்டார்கள். அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. அந்த வீட்டுக்கு அம்மாவும் உடன் போனார். அங்கே நடந்ததை அம்மாதான் எங்களுக்குச் சொன்னார். அப்பா சொன்னதே இல்லை.

அப்பா வாசலிலேயே நின்று, தான் சொன்னது செபமே இல்லை என்பதைச் சொல்லிவிட்டு, "ஒரு நல்ல செபம் சொல்லியிருந்தா புள்ள பொழச்சிருக்குமோ என்னமோம்மா. கடைச் சாமான சொல்லிக்கிட்டு உக்காந்திருந்தேன்" என்றாராம்.

ராக்கம்மா அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாராம். பிறகு, "அப்ப என் கூடப் பொறந்தவுககூட வாசல்ல நின்னு பாத்துட்டுப் போயிட்டாக, டைலரய்யா. ஆத்தா எறங்குன வீடு, உள்ள வரக்கூடாதுன்னு. ஊரே ஒதுங்கிருச்சு. நீங்க உள்ள வந்து, எம்புள்ள தலையத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு, அது போற மட்டும் என்னமோ சொல்லிக்கிட்டே இருந்தீக. அது என்னன்னு எனக்குத் தெரியல. எம்புள்ளைக்கும் தெரியாது. உங்க சத்தம் கேட்டுச்சு. நீங்க நிறுத்துனா கண்ணத் தொறந்து பாக்கும். மறுபடி சொன்னா மூடிக்கிரும். அது போதும்யா" என்றாராம்.

அம்மா இதைச் சொல்லும்போது எப்போதும் இங்கேதான் நிறுத்துவார். திரும்பி வருகையில் பஸ்ஸில் அப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார் என்பதையும், ஒட்டன்சத்திரத்து ஆள் ஒருவர் வாந்தி வருகிறதென்று நினைத்து அவருக்கு எலுமிச்சம்பழம் கொடுத்தார் என்பதையும் கொஞ்ச நேரம் கழித்துச் சொல்வார்.

அடுத்த ஞாயிறு கோயிலில் லத்தீன் கட்சிக் கிழவர்கள் நாலு பேரும் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு தயாராக நின்றார்கள். சாமியார், "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றார். அப்பா, "உம்மோடும் இருப்பாராக" என்று தமிழில் சொன்னார். கிழவர்கள் நாலு பேரும் தனியாக மாட்டிக்கொண்டார்கள். சாமியாருக்கு அடுத்து என்ன சொல்வதென்று மறந்துபோய், அவரே புத்தகத்தில் தேடினார்.

"என்ன திடீர்னு தமிழுக்கு வந்துட்டீக?" என்று அம்மா கேட்டதற்கு, "அந்தப் பொம்பள தமிழ்லதான பேசுச்சு. எனக்குப் புரிஞ்சுச்சு. நானும் ஒருக்கா புரியிற மாதிரி பேசிப் பாக்குறேன்" என்றார் அப்பா.

கூப்பிட்ட வீடுகளுக்கு அதன் பிறகும் போய்க்கொண்டுதான் இருந்தார். சீட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை. உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, தன் சொந்தத் தமிழில் இரண்டு வார்த்தை வேண்டிக்கொள்வார். தோட்டத்துக்காரர்களுக்கு இதில் ஏகக் குறை. "டைலரே, பழைய மந்திரமே நல்லாருந்துச்சு. இது எங்களுக்கே புரியுதே!" என்று வேலுச்சாமி மாமா அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

கடைசி இரண்டு ஆண்டு அப்பாவுக்கு மூச்சிரைப்பு. துணிப்பொடி நெஞ்சில் தங்கிவிட்டது என்றார்கள். மெஷினை மிதிக்க முடியாமல் போனபின், கையால் பொத்தான் மட்டும் தைத்தார். படுக்கையில் விழுந்த பிறகு சாமியார் வந்து எண்ணெய் தொட்டு அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். அம்மா தன் பங்குக்கு அந்தோணியாரிடம் நாள் குறித்தார். இந்த முறை சொரூபத்தைத் திருப்பி வைக்கவில்லை. "அவருக்கும் வயசாயிருச்சு" என்றார். மழை விட்டிருந்த ஒரு காலைப் பொழுதில், காப்பி கேட்டு, அது ஆறுவதற்குள், அதிகம் சிரமப்படாமல் அப்பா கண்ணை மூடினார்.

அவருடைய நோயில் உதவிய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பாதி இரவில் எழுப்பினாலும் முகம் சுளிக்காத டாக்டர் ஐயாவுக்கும், அப்பாவைத் தூக்கி உட்கார வைத்த பக்கத்துக் கடை ராவுத்தருக்கும், கோயிலில் மணியடித்தவருக்கும், மேலும் பெயர் விட்டுப்போனவர்களுக்கும். பெயர் விட்டுப்போனதில் கோபப்படுபவர்கள் அம்மாவிடம் சொன்னால் அடுத்த ஆண்டுப் பூசையன்று அம்மா தனியாகக் கவனித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அடக்கத்தன்று நடந்த ஒன்றுக்கும் நன்றி சொல்ல வேண்டும். பெட்டியை மூடும் நேரம். சாமியார் தமிழில் செபத்தைத் தொடங்கப்போனார். அப்போது ரெட்டியார்சத்திரம், வேடசந்தூர் பக்கத்து ஆட்கள் முப்பது நாற்பது பேர், பஸ்ஸிலும் சைக்கிளிலும் வந்து இறங்கினார்கள். ஆளுக்கு ஒரு முடிச்சில் அரிசி. வாய்க்கரிசி போட வந்திருக்கிறார்கள். எங்கள் வேதத்தில் அந்தப் பழக்கம் இல்லை. அண்ணன் தயங்கினார். உறவினர்களில் சிலர் முணுமுணுத்தார்கள். முன்னால் நின்ற வேலுச்சாமி மாமாவும் ராக்கம்மாவும் முடிச்சைப் பிடித்தபடி சாமியாரின் முகத்தைப் பார்த்தார்கள்.

அம்மாதான் பேசினார். "சாமி, அவரு இவுக வீட்டுக்கெல்லாம் போயி ஒரு நாளும் சாப்பிடாம வந்ததில்ல. இன்னைக்கு இவுக கொண்டாந்திருக்காக. செத்த நேரம் பொறுங்க."

சாமியார் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு புத்தகத்தில் பக்கம் தேட ஆரம்பித்தார். கடைசி ஆள் அரிசி போட்டுவிட்டு விலகும்வரை தேடிய பக்கம் அவருக்குக் கிடைக்கவில்லை. அவருக்கும் எங்கள் நன்றி.